காதுத்திட்டுக்கு ஒரு படகு

அகிலாண்டம்: இதுவா காது? கோரை மண்டிக் கெடக்கிற மணல்மேடு மாதிரில்ல இருக்கு.

வீரையன்: படகு இன்னும் பாதி ஆறே தாண்டலீங்களேம்மா. அதுக்குள்ள காதைத் தேடுனா எப்படி?

பூர்ணிமா: அத்தை, மேலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். டிரோன் வச்சு எடுத்த படம். இந்தாங்க, போன்ல பாருங்க... இது மேல் மடலு. நடுவுல தண்ணி நிக்குது பாருங்க, அது காதுக்குழி. கீழ தொங்குறது சோணை.

அகிலாண்டம்: அடேயப்பா. கம்மல் ஒண்ணுதான் கொறைச்சல்.

வீரையன்: அதுக்கும் ஒருத்தர் யோசனை சொன்னாருங்க. சோணையில ஒரு மஞ்ச லைட்டு போடுய்யான்னு. கொள்ளிடத்துக்கு நடுவுல கரண்டுக்கு நான் எங்க போறது?

பூர்ணிமா: அங்க யாரும் குடியில்லையாண்ணே?

வீரையன்: எந்தக் காலத்துலயும் இருந்ததில்லம்மா. ஐப்பசித் தண்ணி வந்தா முழுகிப்போற திட்டு. கோரை, நாணல், கொக்கு, அவ்வளவுதான். காலேஜ் புள்ளைங்க இந்தப் படத்தை எடுத்துப் போட்டாங்க பாருங்க, அன்னேலேர்ந்து காதுத்திட்டுன்னு பேராயிருச்சு. மீன் புடிச்சிட்டுக் கெடந்த எனக்கு ஞாயித்துக்கிழமையானா சவாரி.

அகிலாண்டம்: முதலை இருக்குன்னு சொன்னாங்களே தம்பி.

வீரையன்: இருக்குங்க.

அகிலாண்டம்: இருக்கா!

வீரையன்: அணைக்கரைப் பக்கம் இருக்குங்க. நம்மளைப் பாத்தா அதுவா ஒதுங்கிக்கும்.

அகிலாண்டம்: அதை நாம பாத்தா?

வீரையன்: நாம ஒதுங்கிக்கணும்.

பூர்ணிமா: அத்தை, ஆடாதீங்க! சிரிக்கிறதா இருந்தா உக்காந்த எடத்துல சிரிங்க.

அகிலாண்டம்: வீட்டுல கெடந்தவளை "வாங்க அத்தை, வாங்க அத்தை"ன்னு இழுத்துக்கிட்டு வந்தது நீ. இப்ப சிரிக்கவும் கூடாதுங்கறே.

பூர்ணிமா: நானா இழுத்தேன்? நாலு நாளா அந்தப் படத்தை வச்சுக்கிட்டு "பாத்தியா பூர்ணி, பாத்தியா பூர்ணி"ன்னது யாரு?

அகிலாண்டம்: படத்தைத்தானே பாக்கச் சொன்னேன். பஸ் ஏறவா சொன்னேன்?

வீரையன்: யாரு கூட்டிட்டு வந்தாலும் படகு ஒண்ணுதாங்க.

பூர்ணிமா: அண்ணே, பால் கறக்கிற நேரத்துக்குள்ள திருப்பனந்தாள் போய்ச் சேரணும். மாட்டுக்கு உடம்பு முடியல. நேத்துக்கூட நொண்டுதுன்னு அத்தை சொன்னாங்க.

அகிலாண்டம்: அது நல்லாயிருச்சுடி. பக்கத்து வீட்டு ரெத்தினத்துக்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், தண்ணி காட்டுவா.

வீரையன்: எந்தக் காலுங்க?

அகிலாண்டம்: முன்னங்கால்.

பூர்ணிமா: பின்னங்கால்னு சொன்னீங்க.

அகிலாண்டம்: ... முதல்ல பின்னங்கால். அப்புறம் முன்னால வந்திருச்சு.

வீரையன்: வாதமா இருக்கும்ங்க.

பூர்ணிமா: என்னமோண்ணே. மார்கழி முழுக்க தீனி எடுக்கல. தையில வயிறு ஊதுச்சு. இப்ப மாசியில நொண்டுது. டாக்டரும் வந்துக்கிட்டேதான் இருக்காரு. செவலை பாவம்.

அகிலாண்டம்: ஆத்துக்கு நடுவுல வந்து மாட்டுக் கதை எதுக்கு? தம்பி, அந்தக் காதுக்குழியில என்னமோ சொல்லணும்ங்கறாங்களே, அது என்ன?

வீரையன்: மனசுல இருக்கிறதை குழிக்கிட்ட நின்னு சொல்லணும். வீட்டுல சொல்ல முடியாத விசயமா இருக்கணும். சொன்னா பாரம் எறங்கிரும்னு ஒரு நம்பிக்கை. ஆனா ஒரு விதி இருக்கு. ஒருத்தர் ஒருத்தராத்தான் போகணும். ஒருத்தர் போறப்ப இன்னொருத்தர் என்கூட படகுகிட்ட இருக்கணும். திரும்பி வந்தவங்ககிட்ட என்ன சொன்னேன்னு கேக்கக்கூடாது.

பூர்ணிமா: இந்த விதியெல்லாம் யாரு போட்டது?

வீரையன்: நான்தான்.

அகிலாண்டம்: பாத்தியா!

வீரையன்: சும்மா போடலீங்க. முன்ன சோடி சோடியாப் போய்ச் சொல்லுவாங்க. திரும்பி வர்றப்ப படகுலயே சண்டை. ஒரு புருசன் பொண்டாட்டி நடு ஆத்துல எந்திரிச்சு நின்னு அடிச்சுக்கிட்டதுல மூணு பேரும் தண்ணிக்குள்ள. அன்னைக்குப் போட்ட விதி... எறங்குங்கம்மா, திட்டு வந்திருச்சு. சேலையைத் தூக்கிக்குங்க, கணுக்கால் அளவுதான்.

*

அகிலாண்டம்: எறங்கியாச்சு. காது எங்கய்யா?

வீரையன்: காது மேலதாங்க நிக்கிறீங்க.

பூர்ணிமா: அண்ணே, படத்துப்படி பாத்தா படகு நிக்கிற எடத்துல சோணை இருக்கணும். இங்க தண்ணியில்ல இருக்கு?

வீரையன்: அது... வந்தும்மா...

பூர்ணிமா: படத்தைத் தலைகீழா புடிச்சிருக்கேனா?

வீரையன்: இல்லம்மா, சரியாத்தான் புடிச்சிருக்கீங்க. சோணை போன ஐப்பசியில கரைஞ்சுபோச்சு.

அகிலாண்டம்: அறுந்த காதைக் காட்டவா எங்களைக் கூட்டிட்டு வந்தே?

வீரையன்: குழி அப்படியே இருக்குங்க! கேக்கிறது குழிதானே, சோணையா கேக்குது? வெளிய சொல்லிடாதீங்கம்மா, பொழப்பு போயிரும். அங்க செவப்புத் துணி கட்டி ஒரு கம்பு நட்டிருக்கேன் பாருங்க, அதுதான் குழி. முதல்ல யாரு?

பூர்ணிமா: நீங்க போங்க அத்தை.

அகிலாண்டம்: நீ போயேன்.

பூர்ணிமா: பெரியவங்க நீங்க. போங்க.

அகிலாண்டம்: எனக்கென்ன, போறேன். முள்ளு இருக்கா தம்பி?

வீரையன்: இல்லீங்க. கோரைதான் கிழிக்கும், ஒதுக்கிக்கிட்டுப் போங்க.

*

வீரையன்: அம்மா நல்ல நடை நடக்கிறாங்க. உங்கப்பாவோட அக்காவா?

பூர்ணிமா: இல்லண்ணே. மாமியா.

வீரையன்: மாமியாளா! பேசிக்கிறதைப் பாத்தா அப்படித் தெரியலையே. வீட்டுக்காரரு வரலையா?

பூர்ணிமா: ... அவரு இல்லண்ணே. வண்டியில போறப்ப விபத்து. நாலு வருசம் ஆகுது.

வீரையன்: அடடா. தெரியாமக் கேட்டுட்டேம்மா.

பூர்ணிமா: பரவால்லண்ணே. எனக்கு அத்தை, அத்தைக்கு நான். கொஞ்சம் நிலம், ஒரு மாடு, என் தையல் மிஷினு. அப்படியே ஓடுது.

வீரையன்: ஏம்மா கண்ணைத் தொடைக்கிறீங்க? நான் கேட்டதுனாலயா?

பூர்ணிமா: இல்லண்ணே... நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?

வீரையன்: விதி போட்டவனே நான்தாம்மா.

பூர்ணிமா: அத்தைகிட்ட இன்னைக்கு ஒண்ணு சொல்லியாகணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். வீட்டுல வாய் வரமாட்டேங்குது. கூடத்துல உக்காந்தா நேரா மேல அவரு படம்.

வீரையன்: என்னம்மா விசயம்?

பூர்ணிமா: என்னைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு.

வீரையன்: நல்ல விசயம்தானே! யாரு?

பூர்ணிமா: எங்க மாட்டுக்கு வைத்தியம் பாக்க வர்ற டாக்டரு. ராஜராஜன்னு பேரு. ஒரத்தநாட்டு மாட்டு டாக்டர் காலேஜ்ல படிச்சவரு. ரெண்டு தங்கச்சிங்களைக் கட்டிக்குடுக்கிறதுக்குள்ள தனக்கு வயசு போயிருச்சுன்னு சொன்னாரு.

வீரையன்: ஆளு எப்படி?

பூர்ணிமா: மாட்டுகிட்ட மொதல்ல பேசிட்டுத்தான் ஊசி போடுவாரு. அதிகமா வாய் பேச மாட்டாரு. ஒருநாள் சட்டையில பட்டன் பிஞ்சிருச்சு, தைச்சுக் குடுங்கன்னு நீட்டுனாரு. வாங்கிப் பாத்தேன். பிஞ்ச நூல் இல்லண்ணே. கத்திரி போட்ட நூல்.

வீரையன்: ஆஹா!

பூர்ணிமா: தையக்காரிக்குத் தெரியாதா? தைச்சுக் குடுத்தேன், ஒண்ணும் கேக்கல. அடுத்த வாரம் இன்னொரு பட்டன்.

வீரையன்: சட்டை தாங்காதும்மா. சீக்கிரம் சரின்னு சொல்லிருங்க.

பூர்ணிமா: சிரிக்காதீங்கண்ணே. அவருக்குத் திருவாரூருக்கு மாத்தல் வந்திருச்சு. அடுத்த வாரம் போறாரு. இன்னைக்குச் சாயங்காலம் பதில் சொல்றேன்னிருக்கேன். அத்தையையும் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்றாரு. அவங்க நிலத்தை விட்டு வர மாட்டாங்க. நான் போனா அந்த வீட்டுல யாருண்ணே இருக்கா?

வீரையன்: அம்மாகிட்ட சொல்லிப் பாருங்க. வேண்டாம்பாங்களா?

பூர்ணிமா: அதுதான் இல்ல. சரின்னுதான் சொல்லுவாங்க. அவங்க மனசு அப்படி. ராத்திரி பூரா அழுதுட்டு காலையில சரிம்பாங்க. அந்தச் சரியை நான் எப்படிண்ணே நம்புறது? அவங்க மனசார சொல்றாங்கன்னு தெரிஞ்சா போவேன். இல்லைன்னா அவருகிட்ட வேணாம்னு சொல்லிடப் போறேன்.

வீரையன்: இருங்கம்மா, அவங்க வர்றாங்க. கண்ணைத் தொடைச்சுக்குங்க.

*

அகிலாண்டம்: ஆச்சு. நீ போ.

பூர்ணிமா: அதுக்குள்ளயா?

அகிலாண்டம்: சொல்றதுக்கு ஒரு வரிதானே இருந்துச்சு. குழியில எட்டிப் பாக்காத, வழுக்குது. ஒரு தவளை வேற உக்காந்து என்னையே பாக்குது.

வீரையன்: போங்கம்மா. நின்னு நிதானமாச் சொல்லுங்க.

பூர்ணிமா: சரிண்ணே.

அகிலாண்டம்: ... பாத்துப் போடி!... தம்பி.

வீரையன்: சொல்லுங்கம்மா.

அகிலாண்டம்: என் மருமக உன்கிட்ட என்ன சொன்னா?

வீரையன்: ஆத்துல அடுத்த தண்ணி எப்ப வரும்னு கேட்டுச்சுங்க.

அகிலாண்டம்: தண்ணி வர்றதைக் கேட்டா கண்ணு செவந்துச்சு?

வீரையன்: விதிங்கம்மா. கேக்கப்படாது.

அகிலாண்டம்: நல்ல ஆளுய்யா நீ. அப்ப நான் சொல்றதையும் அவகிட்ட சொல்ல மாட்டல்ல?

வீரையன்: ... நீங்களுமா?

அகிலாண்டம்: அவளை ஒருத்தரு கேட்டிருக்காரு. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ங்கறது அவளுக்குத் தெரியாது. ஏய்யா இருமுறே?

வீரையன்: நாணல் பூ மூக்குல ஏறிடுச்சுங்க.

அகிலாண்டம்: தங்கமான மனுசன். இவ முகத்துலயும் ரெண்டு மூணு மாசமா ஒரு வெளிச்சம். நாலு வருசமா சாம்பக் கலர் சேலையே கட்டுனவ, பொங்கலுக்கு மாம்பழக் கலர்ல எடுத்தா. எடுத்துட்டு என்கிட்ட காட்டாம பெட்டியில வச்சுட்டா. பெட்டியைத் தொறந்தது தப்புதான். ஆனா சேலையைப் பாத்தப்ப எனக்கு அழுகை வந்துச்சு தம்பி. அழகான சேலை.

வீரையன்: தெரியும்னா நீங்களே எடுத்துச் சொல்லிறலாமேம்மா? கூப்பிட்டு உக்கார வச்சு, போ ராசாத்தின்னு.

அகிலாண்டம்: நான் சொன்னா என்ன ஆகும்? "மாமியாளுக்கு நான் பாரமாப் போயிட்டேன், அதான் தள்ளி விடுறாங்க"ன்னு நெனைப்பா. இல்லைன்னா என் வாய்ச்சொல்லைத் தட்டக்கூடாதுன்னு போவா. ரெண்டும் வேணாம். அவ வாயால, எனக்குப் புடிச்சிருக்கு அத்தைன்னு சொல்லணும். அதுக்குத்தான் படத்தைக் காட்டிக் காட்டி அவளை இங்க கெளப்பிவிட்டேன்.

வீரையன்: ஐயோ...

அகிலாண்டம்: என்னய்யா?

வீரையன்: ஒண்ணுமில்லீங்க. அந்த விதியைப் போட்டிருக்கவே கூடாது நான்.

அகிலாண்டம்: அவ வர்றா. வாயை மூடிக்க.

*

வீரையன்: ரெண்டு பேரும் ஏறியாச்சா? தள்றேன்.

அகிலாண்டம்: பதனமா உக்காரு. கையெல்லாம் கோரை கிழிச்சிருக்கே.

பூர்ணிமா: அத்தை...

அகிலாண்டம்: ம்?

பூர்ணிமா: ... அந்தக் கரையில உளுந்து நல்லா பூத்திருக்கு பாருங்க.

அகிலாண்டம்: நம்ம வயல்லயும்தான் பூத்திருக்கு.

பூர்ணிமா: ஆமா.

அகிலாண்டம்: ஆமா.

வீரையன்: அட!

பூர்ணிமா: என்னண்ணே, படகு நின்னுருச்சு?

வீரையன்: கழி சேத்துல மாட்டிக்கிச்சும்மா.

அகிலாண்டம்: இழுத்தா வராதா?

வீரையன்: வராதுங்க.

அகிலாண்டம்: நீ இழுக்கவே இல்லையே!

வீரையன்: இழுத்தாலும் வராதுங்க. ரெண்டு பேரும் பேசி முடிச்சா தானா வரும்.

பூர்ணிமா: அண்ணே, என்ன இது?

வீரையன்: விதியை நான் மீறலம்மா. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லல. கழிதான் மாட்டிக்கிச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

பூர்ணிமா: ... அத்தை, நான் அந்தக் குழிகிட்ட ஒண்ணுமே சொல்லல. நின்னுட்டு வந்துட்டேன்.

அகிலாண்டம்: ஏன்?

பூர்ணிமா: உங்ககிட்ட சொல்ல வேண்டியதைக் குழிகிட்ட சொல்லி என்ன பண்றது?

அகிலாண்டம்: அப்ப என்கிட்ட சொல்லு.

பூர்ணிமா: டாக்டரு... நம்ம மாட்டு டாக்டரு... என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டாரு.

அகிலாண்டம்: நீ என்ன சொன்னே?

பூர்ணிமா: அத்தைகிட்ட கேக்கணும்னேன்.

அகிலாண்டம்: அவரு கேட்டது இருக்கட்டும். உனக்குப் புடிச்சிருக்கா? பூர்ணி. என்னைப் பாத்துச் சொல்லு.

பூர்ணிமா: புடிச்சிருக்கு அத்தை.

அகிலாண்டம்: அப்பாடி.

பூர்ணிமா: என்ன அப்பாடி?

அகிலாண்டம்: குழிகிட்ட நான் சொன்ன ஒரு வரி அதுதான். இவ வாயத் தொறக்கணும், அவ்வளவுதான் கேட்டேன். அறுந்த காதா இருந்தாலும் கேக்குதுய்யா தம்பி!

வீரையன்: நான் அந்தப் பக்கம் திரும்பியிருக்கேங்க.

பூர்ணிமா: அத்தை, வெளையாடாதீங்க. திருவாரூர் போகணும். நீங்களும் வரணும்.

அகிலாண்டம்: நான் எதுக்கு? உளுந்து யாரு பறிக்கிறது? தேருக்கு வர்றேன். பஸ் இருக்கு, வந்து ஒரு வாரம் உக்காந்து உன் உயிரை வாங்கிட்டுத்தான் போவேன். அவரு வீட்டுல நல்ல வெளிச்சமா ஒரு ரூம் இருக்கணும், உன் மிஷின் போட. அதைக் கேட்டியா?

பூர்ணிமா: ... இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும். அதான் பயமாயிருக்கு.

அகிலாண்டம்: எதுக்குடி பயம்?

பூர்ணிமா: எனக்காகச் சரிங்கறீங்க. நான் கேட்டுட்டேனேன்னு, என் மனசு நோகக்கூடாதேன்னு. நாளைக்கு அந்த வீட்டுல தனியா உக்காந்து அழுவீங்க. இந்தச் சரியை நான் எடுத்துக்க மாட்டேன் அத்தை. நான் அவருகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்.

அகிலாண்டம்: அழுவேன்தான். அதுக்கு என்ன? என் புள்ள சதீஷ் மெட்ராஸ்ல வேலைக்குப் போனப்பவும்தான் அழுதேன். போகாதடான்னா சொன்னேன்?

பூர்ணிமா: வார்த்தைக்குச் சொல்றீங்க.

அகிலாண்டம்: நான் உனக்காகச் சரிங்கலடி. நீ கேட்டதுனாலயும் சொல்லல. நீ அவரை ஏறெடுத்துப் பாக்குறதுக்கு முன்னாடியே நான் பாத்தாச்சு. கார்த்திகையில செவலைக்குக் கோமாரி ஊசி போட வந்தாருல்ல? அன்னைக்கு நீ வாசல்ல உக்காந்து பாவாடைக்கு மடிப்பு அடிச்சிட்டிருந்தே. மனுசன் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு மாடு எங்க இருக்குங்கறதையே மறந்துட்டாரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பூர்ணிமா: சும்மா சொல்லாதீங்க. என் மனசைத் தேத்தறதுக்கு இப்பக் கதை கட்டுறீங்க.

அகிலாண்டம்: கட்டலடி.

பூர்ணிமா: கார்த்திகையிலயே முடிவு பண்ணியிருந்தா இவ்வளவு நாளா என்ன பண்ணீங்க? ஒரு வார்த்தை பேசுனீங்களா அவரைப் பத்தி? மாடு மாடுன்னு மாட்டைப் பத்தித்தானே பேசுனீங்க? தீனி எடுக்கல, போன் போடு. வயிறு ஊதுது, போன் போடு. நேத்து நொண்டுது, போன்... அத்தை?

அகிலாண்டம்: ம்.

பூர்ணிமா: ஏன் சிரிக்கிறீங்க?... அத்தை, செவலைக்கு என்ன?

வீரையன்: கழி வந்திருச்சுங்க!

பூர்ணிமா: இருங்கண்ணே! அத்தை, சொல்லுங்க. மாட்டுக்கு என்ன?

அகிலாண்டம்: அதுக்கு என்ன, ஊர்ல உள்ள மாடுங்கள்லயே திடமான மாடு. நொண்டுது வாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்... எந்தக் காலுன்னு அந்த மனுசன் ஒருநாளும் கேட்டதில்லடி.